சக்கரத்தின் உள்பக்கம்

அண்ணன் தம்பி பாகம் பிரித்த கதை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வீட்டைப் பிரிப்பார்கள், கிணற்றைப் பிரிப்பார்கள், அம்மா விட்டுப்போன பாத்திரங்களைக்கூட எண்ணிப் பிரிப்பார்கள். இந்த இரண்டு பேரும் பிரித்தது காரை. சொந்தக் காராக இருந்தாலாவது போகட்டும் என்று விடலாம். கழுவ வருகிற ஊரார் கார்களுக்கெல்லாம் குறுக்கே கோடு போட்டு, ஆளுக்குப் பாதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூரை, கதவு, கண்ணாடி, பானட்டின் மேல்பக்கம், உள்ளே இருக்கைகள் எல்லாம் அண்ணனுக்கு. பானட்டைத் திறந்தால் தெரியும் எஞ்சின், வண்டியின் அடிப்பாகம், சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் தகரத்தின் உட்புறம் எல்லாம் தம்பிக்கு. சக்கரம் யாருக்கு என்பதில் மட்டும் மூன்று நாள் வாய்ச்சண்டை நடந்தது. கடைசியில் அதையும் பூசணிக்காய் மாதிரி அறுத்தார்கள். பார்க்கிறவர் கண்ணில் படுகிற டயரின் வெளிமுகம் அண்ணனுக்கு. ரிம்மும், அதன் பின்னால் இருக்கும் பிரேக்கும், அதற்கும் பின்னால் இருக்கும் சேறும் தம்பிக்கு.

அண்ணனைத் தெருவில் பளபளா என்பார்கள். தம்பிக்குப் பெயர் பாதாளம். இரண்டு பெயருமே அவரவர் செய்யும் வேலையால் வந்தவை. இரண்டு பேருக்குமே அந்தப் பெயர் பிடிக்கவும் செய்தது. அவர்கள் ஒத்துப்போன விஷயம் அந்த ஒன்றுதான்.

சண்டைக்குக் காரணம் ஒரு போர்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன், அவர்கள் கார் கழுவும் கொட்டகையின் வாசலில் புதுப் போர்டு மாட்டினான். 'கார் பளபளப்பு நிலையம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் மின்னுகிற கார் ஒன்றும் வரைந்திருந்தது. எஞ்சின், சக்கரம், அடிப்பாகம் என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னான் தம்பி. "அடிப்பாகத்தை யாருடா குனிஞ்சு பார்க்கப் போறாங்க" என்று அண்ணன் சொன்னான். சொன்னது வாடிக்கையாளர்கள் நான்கு பேருக்கு நடுவில். அவர்கள் சிரித்தார்கள். அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் வேலை நிற்காதே. கொட்டகைத் தரையின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டின் மேல் ஒரு நீலத் தண்ணீர்ப் பீப்பாய். அது தம்பி வாங்கியது. ஒருவனுக்கு மற்றவனிடம் எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பீப்பாயிடம்தான் சொல்வான்.

"பீப்பாயே, சிலர் கழுவறேன்னு சொல்லி மண்ணையெல்லாம் என் கதவுல அடிக்கிறாங்க. கையா காலான்னு கேளு."

"பீப்பாயே, மூஞ்சிக்குப் பவுடர் போட்டுட்டா முதுகு அழுக்கு போயிடுமான்னு நான் கேட்டேன்னு சொல்லு."

பீப்பாய் இரண்டு வருடமாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தளும்பாமல் நின்றது. அந்த வீட்டில் அவ்வளவு பொறுமை அதற்கு மட்டும்தான் இருந்தது என்று அண்ணி சொல்வாள். அண்ணி என்றால் பளபளாவின் மனைவி. தினமும் இரண்டு அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து, ஒன்றைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் வைப்பாள். இருவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "ஒரே பானையில வெந்ததுதான், வயித்துக்குள்ள போய்ச் சண்டை போடாம இருந்தா சரி" என்பாள்.

இப்படியே போயிருக்கும். கொட்டகைக்குச் சொந்தக்காரியான மருந்துக்கடை அம்மாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது. தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஐம்பத்தெட்டு வயது. மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் ஒன்றையும் கையில் கொடுக்கமாட்டார். ஒரு காலையில் தன் சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்து கோட்டின் மேல் சரிபாதியாக நிறுத்தினார்.

"அடுத்த மாசம் ஒப்பந்தம் முடியுது. ரெண்டு பேருக்கும் சேர்த்து இனிமே எழுதமாட்டேன். வாடிக்கைக்காரங்க எங்கிட்ட வந்து சிரிக்கிறாங்க. ஒருத்தர் பேர்லதான் எழுதுவேன். இன்னொருத்தர் வேற இடம் பார்த்துக்கணும்."

"யார் பேர்லம்மா?" என்றான் அண்ணன்.

"அதுக்குத்தான் வண்டியைக் கொண்டுவந்திருக்கேன். மழைக்காலம் முழுக்கச் சேத்துல ஓடினது. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைச் செய்ங்க. பத்து நாள் ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

தம்பி தன் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தக் கொட்டகையின் ரேம்ப்பை, வண்டியை ஏற்றி நிறுத்திக் கீழே நின்று வேலை செய்கிற அந்த இரும்பு மேடையை, அவன் தன் கையால் வெல்டிங் வைத்துக் கட்டியவன். அது தரையோடு பதிந்தது. பெயர்த்து எடுத்துப்போக முடியாது. அண்ணனுக்கு ஒரு வாளியும் பஞ்சும் இருந்தால் எந்த மரத்தடியிலும் பிழைத்துக்கொள்வான். ரேம்ப் இல்லாத பாதாளம் என்ன செய்வான்? தெருவில் மல்லாந்து படுத்தா காரைக் கழுவ முடியும்? இந்த இடம் போனால் அவனுக்குத் தொழிலே போனது.

அதனால் அன்று அவன் செய்த வேலை எப்போதும் செய்கிறதைவிட ஒரு படி மேல்.

எஞ்சின் முழுதாக ஆறும்வரை தொடவில்லை. ஆறியதும் தண்ணீர் படக்கூடாத ஐந்து இடங்களுக்கு ஐந்து பிளாஸ்டிக் பைகளைக் கட்டினான். காற்று போகும் வழி, ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர், பேட்டரி, காயில். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சிவப்புத் துணித் துண்டு. வேலை முடிந்து பையை அவிழ்த்ததும் அந்தத் துண்டு சுவரில் இருக்கும் ஆணிக்குப் போகும். ஆணியில் ஐந்து இருந்தால்தான் பானட்டை மூடுவான். எண்ணெய்ப் பிசுக்குக்கு மருந்து தெளித்து, ஊறவிட்டு, மெல்லிய பிரஷால் தேய்த்தான். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரை எஞ்சின் பக்கம் காட்டவே இல்லை. பூவாளியில் ஊற்றுகிற மாதிரி ஊற்றி, காற்றடித்து உலர்த்தினான்.

பிறகு வண்டியை ரேம்ப்பில் ஏற்றிக் கீழே போனான். ஒரு மழைக்காலத்துச் சேறு மொத்தமும் அங்கே குடியிருந்தது. வளைவுகளின் மடிப்பில் கைவிட்டால் கட்டி கட்டியாக வந்தது. அதைத் தண்ணீரால் அடித்து, துரு பிடித்த இடங்களைக் கம்பி பிரஷால் சுரண்டி, முழு நாள் காயவிட்டான். ஈரத்தின் மேல் பூச்சு அடித்தால் துருவைப் போர்வை போர்த்தித் தூங்கவைக்கிற மாதிரி, அது உள்ளேயே தகரத்தைத் தின்னும். மறுநாள் காலையில் சைலன்சர் குழாய்க்கும் பிரேக்குகளுக்கும் காகிதம் சுற்றி ஒட்டினான். தண்ணீர் வடிவதற்காக அடித்தகரத்தில் இருக்கும் பதினான்கு சிறு ஓட்டைகளிலும் ஒவ்வொரு தீக்குச்சியைச் செருகினான். கறுப்புப் பூச்சை அடித்து முடித்ததும் குச்சிகளை உருவி எண்ணினான். பதினான்கு.

"பீப்பாயே" என்றான் அண்ணன் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "சில பேர் காருக்குக் காது குத்துறாங்களா, இல்ல கம்மல் மாட்டுறாங்களா?"

"பீப்பாயே, ஓட்டை அடைச்சா தண்ணி உள்ளேயே நின்னு தகரம் அழுகும்னு சொல்லு. சில பேர் மண்டையில நடந்த மாதிரி."

வழியில் போன தையற்கடைக்காரர் சிரித்துவிட்டுப் போனார். அண்ணனுடைய காது சிவந்தது.

கடைசி வேலை சக்கரங்கள். தம்பி அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ் வைத்திருந்தான். பிரேக் தூள் ஒட்டிய பிரஷ் வேறெங்கும் படாது. ரிம்மின் உள்பக்கம்வரை கைவிட்டுத் துடைத்து முடித்ததும் அவன் ஒதுங்கிக்கொள்வான். அண்ணன் வந்து டயரின் வெளிமுகத்துக்கு மெருகு போடுவான். அதற்கும் பிறகு, வண்டி போகுமுன், தம்பி டார்ச் விளக்கோடு நான்கு சக்கரத்தையும் ஒருமுறை சுற்றிவருவான். எல்லாம் சரி என்று கண்ட சக்கரத்தின் டயரில், உள்பக்கத்தில், சாக்பீஸால் ஒரு டிக் போடுவான். வெளியே தெரியாது. இரண்டு நாள் ஓடினால் அழிந்தும் போகும். யாரும் கேட்டு அவன் அதைச் செய்யவில்லை. ஆனால் அந்த டிக் இல்லாமல் ஒரு சக்கரமும் அந்தக் கொட்டகையை விட்டு உருண்டதில்லை.

அண்ணன் அன்று டயர் மெருகைப் பஞ்சில் தொட்டு, எப்போதும் போல மூன்று டயருக்குப் பூசினான். நான்காவது, முன்பக்க இடது சக்கரம். அதற்கு வரும்போது பஞ்சு பிய்ந்துவிட்டது. வேறு பஞ்சு இருந்தது தம்பியின் அலமாரியில். கோட்டைத் தாண்டிப் போய்க் கேட்பதற்குப் பதிலாக அண்ணன் மெருகுப் புட்டியின் மூடியைத் திருகி, தெளிப்பான் மூடியை மாட்டி, நேராக டயரைப் பார்த்து அடித்தான். புஸ் புஸ் என்று ஏழெட்டுத் தடவை. டயர் ஈரக் கறுப்பாக மின்னியது. மீதி மெருகு பனிப்புகை மாதிரி ரிம்மின் சந்துகள் வழியாக உள்ளே போனது.

டார்ச்சோடு வந்த தம்பி அதைப் பார்த்தான். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டின் மேல், காலையில் அவன் உலரத் துடைத்து வைத்த இரும்பின் மேல், மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினதுபோல ஒரு வானவில் படலம். விரலால் தொட்டான். வழுக்கியது. இந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். வெண்ணெய் தடவிய கையால் மீனைப் பிடிக்கிற கதைதான் இனி.

பிரேக் கழுவும் மருந்து அலமாரியில் இருந்தது. வெள்ளைத் துணி தோளில் கிடந்தது. உடனே துடைத்தால் ஐந்து நிமிட வேலை.

அவன் துடைக்கவில்லை. கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு குந்தியபடி யோசித்தான். நான் துடைத்தால், வண்டி நன்றாக ஓடும். அம்மாவின் கண்ணுக்கு மின்னுகிற கதவுதான் தெரியும். அடிப்பாகத்தை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? இது இப்படியே போகட்டும். நாளைக்கே பிரேக் கிறீச்சிடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அம்மா திரும்பிக் கொண்டுவருவார். அப்போது சக்கரத்தைக் கழற்றிக் காட்டினால் போதும். இவன் புட்டி, இவன் கை, இவன் வினை. கொட்டகை யாருக்கு என்று அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம்.

மூன்று டயரில் டிக் போட்டிருந்தான். நான்காவதில் போடக் கை வரவில்லை. பொய் டிக் அவன் போட்டதில்லை. சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான்.

மாலை நான்கு மணிக்கு மருந்துக்கடை அம்மா வந்து சாவி வாங்கினார். "கண்ணாடி மாதிரி இருக்கே" என்றார். அண்ணன் மீசையைத் தடவினான். தம்பி சுவர் ஆணியில் இருந்த சிவப்புத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்தும் இருந்தன.

அந்த இரவு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றோ தூக்கம் வரவில்லை என்றோ சொன்னால் அது பொய். நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான்.

காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் தன் ஜீப்பில் கயிறு கட்டி அந்தச் சாம்பல் நிறக் காரை இழுத்துக்கொண்டு வந்தார். முன்பக்கம் வலது விளக்கு நொறுங்கியிருந்தது, தகரம் மடங்கியிருந்தது. மெக்கானிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, "நடுவுல நான் எதுக்கு, கூப்பிட்டா வரேன்" என்று எதிர்ச்சாரியில் இருந்த தன் கடைக்குப் போய்விட்டார். பின்னாலேயே மருந்துக்கடை அம்மா நடந்து வந்தார். வலது மணிக்கட்டில் கட்டு. அவர் கையாலேயே போட்டுக்கொண்ட கட்டு; ஒரு சுருக்கம் இல்லை.

"வீட்டு கேட்டுக்குள்ள திருப்பினேன். பிரேக்கை மிதிச்சேன். வண்டி நிக்காம வலப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போய்த் தூணுல இடிச்சுது" என்றார். குரல் உயரவில்லை. "அந்தத் தூணுகிட்ட பக்கத்து வீட்டுக் குழந்தை தினமும் நிக்கும். நேத்து நிக்கலே. அவ்வளவுதான். இப்ப யார்னு சொல்லுங்க."

அண்ணன் முந்திக்கொண்டான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பீப்பாயைத் தேடாமல் நேராக விரலை நீட்டினான். "பிரேக் இவன் பக்கம்மா. ஊருக்கே தெரியும். மேல்வேலைதான் நான். குச்சி செருகறேன், பை கட்டறேன்னு ரெண்டு நாளா சர்க்கஸ் காட்டினான். எதையோ கழட்டி எதையோ மாட்டாம விட்டிருக்கான்."

தம்பிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது. குழந்தை என்ற சொல் அதை ஒரு நொடி பிடித்து நிறுத்தியது. ஆனால் நீண்ட விரலைப் பார்த்ததும் அது மறுபடி கிளம்பிவிட்டது.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றான். ஜாக்கி வைத்து முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினான். தோளிலிருந்த வெள்ளைத் துணியைப் பிரேக் தட்டில் ஒருமுறை இழுத்து, அவரிடம் நீட்டினான். "விரலால தொட்டுப் பாருங்க. வழுக்குதா? இது டயர் மெருகு. இந்தச் சக்கரம் பிடிக்கலே, அந்தப் பக்கத்துச் சக்கரம் மட்டும் பிடிச்சுது. அதான் வண்டி வலப்பக்கம் இழுத்துது. மெருகு யார் பக்கம்னு நீங்களே கேளுங்க."

"பூசறது வெளிப்பக்கம்மா, அது எப்படி உள்ளே போகும்" என்றான் அண்ணன்.

"பஞ்சால பூசினா போகாது. புஸ்ஸுனு அடிச்சா போகும்."

மருந்துக்கடை அம்மா அண்ணனின் பெட்டியிலிருந்த மெருகுப் புட்டியை இடது கையால் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை மூக்கருகில் கொண்டுபோய்ப் படித்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"'பஞ்சில் தொட்டுப் பூசவும். பிரேக் மீது படக்கூடாது.' எத்தனை வருஷமா இதை வாங்கறே?"

"ஆறு வருஷம்மா."

"ஒரு நாளாவது படிச்சியா?"

அண்ணன் அந்தப் புட்டியையே பார்த்தான்.

"பேருக்கு முன்னால பளபளா இருந்தா போதுமா, புட்டிக்குப் பின்னால என்ன இருக்குன்னு பார்க்க வேண்டாமா" என்று அண்ணி வாசலிலிருந்தே சொன்னாள். தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். உள்பக்கம் வெளியே தெரியும்படி சாய்த்தது அவன் கைப்பிசகு.

மருந்துக்கடை அம்மா புட்டியை வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி நடந்தார். குனிந்தார். அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்க ஒரு ஆள் வந்தே விட்டார் என்று தம்பி நினைத்துக்கொண்டான். கறுப்புப் பூச்சு ஒரு சொட்டு வழியாமல் இருப்பதை அவர் பார்க்கட்டும் என்று விலகி நின்றான். அவர் பார்த்தது பூச்சை இல்லை.

"இந்த டயருக்கு உள்ளே வெள்ளையா என்ன இது?"

"டிக் அம்மா" என்றான் தம்பி பெருமையாக. "எல்லாம் முடிஞ்சு, வண்டி கிளம்பறதுக்கு முன்னால டார்ச் அடிச்சுப் பார்த்து, சரியா இருந்தா போடுவேன். என் பழக்கம்."

"மெருகு போட்டதுக்கு அப்புறமா?"

"அப்புறம்தான். கடைசியா."

"பின்னால ரெண்டுலயும் இருக்கு. வலப்பக்கம் முன்னாலயும் இருக்கு." அவர் சுவரில் சாய்ந்திருந்த சக்கரத்தின் முன்னால் வந்து நின்றார். "இதுல இல்லையே."

தம்பி வாயைத் திறந்தான். ஓடினதில் அழிந்திருக்கும் என்று சொல்லலாம். மற்ற மூன்றும் அதே தூரம்தான் ஓடியிருக்கின்றன. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பதினான்கு தீக்குச்சியை எண்ணுகிறவன் நான்கு சக்கரத்தை மறந்தான் என்றால் யார் நம்புவார்கள்?

"அப்ப நீ பார்த்திருக்கே."

"அம்மா, அடிச்சது அவன்..."

"அடிச்சது அவன். அதை நான் இப்பத்தான் படிச்சேன். பார்த்தது நீ. பார்த்துட்டுச் சாக்பீஸைப் பையில போட்டுக்கிட்டே. பிரேக் யார் பக்கம்?"

"என் பக்கம்."

"சத்தமா சொல்லு."

"என் பக்கம்மா."

அவர் கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டார். "என் கடையில ஒருத்தன் அவசரத்துல மருந்து மாத்தி எடுத்துட்டான்னா அவனைத் திட்டுவேன், கத்துக்கொடுப்பேன். அதைப் பார்த்துக்கிட்டே பொட்டலம் கட்டிக் கொடுத்தவனை ஒரு நிமிஷம் வச்சிருக்கமாட்டேன். அவனுக்குக் கத்துக்கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லே. ஒப்பந்தம் உங்க அண்ணன் பேர்ல. சாயந்திரத்துக்குள்ள உன் சாமானை எடுத்துக்கோ."

"ரேம்ப் நான் கட்டினதும்மா."

"தெரியும். பெயர்க்க முடிஞ்சா பெயர்த்து எடுத்துட்டுப் போ. வண்டியைச் சரி பண்ணி வைங்க. மத்தியானம் வந்து எடுத்துக்கறேன்." இதை அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் நடந்தார். வாசலில் அண்ணி வழிவிட்டாள்.

அண்ணன் பீப்பாயின் பக்கம் திரும்பினான். "பீப்பாயே, பார்த்தியா. குழி வெட்டினவன் எங்கே விழுந்தான்னு பார்த்தியா. குழந்தை நிக்கிற இடமாம். பாவி."

"ஏங்க, புட்டியைப் படிக்காதவர் வாயைத் திறக்க வேண்டாம்" என்றாள் அண்ணி. தம்பியைப் பார்த்தாள். எப்போதும் ஏதாவது கேலி வைத்திருப்பவள், ஒன்றும் சொல்லாமல் அவனுடைய பாத்திரத்தைக் கோட்டில் அவன் பக்கம் வைத்தாள். அந்த மௌனம் அண்ணன் சொன்னதைவிட ஆழமாக இறங்கியது. முந்தின இரவு நன்றாகச் சாப்பிட்டவன் இப்போது பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

அவன் சாமான்களை மூட்டை கட்டினான். பிரஷ்கள், வாளி, டார்ச், பிளாஸ்டிக் பைகள், ஆணியிலிருந்த ஐந்து சிவப்புத் துண்டுகள், தீப்பெட்டி, மருந்துப் புட்டிகள். எல்லாவற்றையும் பழைய தள்ளுவண்டி ஒன்றில் ஏற்றினான். கடைசியாகப் பீப்பாயைச் சாய்த்தான். இருநூறு லிட்டர் தண்ணீரும் மஞ்சள் கோட்டைத் தாண்டி அண்ணன் பக்கம் ஓடி, அவனுடைய மிதியடிகளை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. அண்ணன் காலைத் தூக்கிக்கொண்டான். திட்டுவதற்கு வாயெடுத்து, வழக்கம்போலப் பீப்பாய் இருந்த பக்கம் திரும்பினான். அங்கே வட்டமான ஈரத்தடம்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

பீப்பாயை உருட்டிக்கொண்டு வாசலைக் கடக்கும்போதுதான் தம்பி திரும்பிப் பார்த்தான். அண்ணன் கழற்றிய சக்கரத்தின் பக்கம் குந்தியிருந்தான். பிரேக் தட்டைத் துடைக்கத் தொடங்கியிருந்தான். அவன் கையில் இருந்தது காருக்கு உள்ளே டாஷ்போர்டு துடைக்கிற துணி. ஆறு வருடமாக மெருகு ஊறின துணி. துடைக்கத் துடைக்கத் தட்டு மின்னியது. அண்ணனுக்கு மின்னினால் சுத்தம்.

மத்தியானம் அம்மா வந்து சாவி வாங்குவார். கேட்டுக்குள் திருப்புவார். தூண்.

இந்தத் தடவை தம்பிக்கு இதில் லாபம் ஒன்றும் இல்லை. கொட்டகை போய்விட்டது. இனி அண்ணனும் மாட்டிக்கொண்டால் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அப்படிப் பார்க்க அவனுக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. பீப்பாயை நிமிர்த்தி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். கோட்டைத் தாண்டினான்.

"அந்தத் துணியைக் கீழே வை."

அண்ணன் நிமிர்ந்தான். "உன்னை யார் கேட்டா?"

"யாரும் கேட்கலே. வை."

"இடம் என் பேர்ல. வெளியே போ."

"போறேன். அது மெருகுத் துணி. துடைக்கலே நீ, இன்னும் பூசறே. எழுந்திரு."

அண்ணன் துணியைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். எழுந்து இரண்டடி தள்ளி நின்றான். கையைக் கட்டிக்கொண்டான், உதவுகிறேன் என்று சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை. தள்ளுவண்டி மூட்டையை அவிழ்த்து, பிரேக் மருந்தையும் புதுத் துணியையும் எடுத்தான் தம்பி. ஒரு துணி, இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவது துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது. தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடுகளை உருவி முகர்ந்து பார்த்தான்.

"இது ரெண்டும் எண்ணெய் குடிச்சிருக்கு. கழுவினா போகாது. ஒரு பக்கம் மட்டும் மாத்தினா மறுபடி இழுக்கும், அதனால வலப்பக்கத்துக்கும் சேர்த்துப் புதுசு போடணும். மெக்கானிக்கைக் கூப்பிடு."

"நீ எனக்கு உத்தரவு போடாதே."

"சரி. அப்ப நீயே அம்மாகிட்ட சாவியைக் கொடு."

அண்ணன் முறைத்தான். பிறகு வாசலுக்குப் போய் எதிர்ச்சாரியைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டான். மெக்கானிக் பேடுகளோடு வர முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் தம்பி வாசலில், தெருப்பக்கம், கவிழ்த்த பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தான். அண்ணன் உள்ளே. அண்ணி இரண்டு பேருக்கும் நடுவில், யார் முகத்தையும் பார்க்காமல் பாத்திரம் கழுவினாள்.

மெக்கானிக் வேலையை முடித்துச் சக்கரத்தை மாட்டிவிட்டுப் போனதும் தம்பி டார்ச்சோடு உள்ளே வந்தான். நான்கு சக்கரத்தையும் சுற்றினான். முன்பக்க இடது சக்கரத்தின் பின்னால் தலையைவிட்டு வெகுநேரம் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தான்.

"போட்டாச்சா?" என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

"போட்டாச்சு."

"உனக்காக அம்மாகிட்ட நான் ஒண்ணும் பேசப் போறதில்லே."

"பேசாதே" என்றான் தம்பி முட்டியைத் தட்டிக்கொண்டே. "நானும் இதை உனக்காகச் செய்யலே. இதுக்கப்புறம் புட்டியை எடுத்தா பஞ்சுல தொடு. பஞ்சு மேல் அலமாரியில இருக்கு. அது மட்டும் நான் எடுத்துட்டுப் போகலே."

வெளியே வந்து, தள்ளுவண்டியை ஒரு கையாலும் பீப்பாயை ஒரு காலாலும் தள்ளிக்கொண்டு கிளம்பினான். காலிப் பீப்பாய் தெருக் கற்களில் மோதி மோதி, தெருமுனைவரை சத்தம் போட்டுக்கொண்டே போனது.